பட்டாணிக்கு வந்த நீரடைப்பு: மருத்துவரிடம் வர மறுத்த ஒரு பூனையின் நிகழ்வு ஆய்வு

பூனையும் வீடும்

பட்டாணி ஐந்து வயதுக் கடுவன் பூனை. சாம்பல் வரி, வெள்ளை வயிறு, எடை 5.8 கிலோ. குட்டியாக இருந்தபோது ஒரு மழை நாளில் மேற்கு மாம்பலத்தில் படிக்கட்டுக்கு அடியில் கிடைத்தவன். ஒரு வயதுக்குள் கருத்தடை அறுவை முடிந்தது. அதன்பின் வீட்டை விட்டு இறங்கியதே இல்லை. வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் அவர் மகன், பட்டாணி, அப்புறம் செல்லம் என்ற பெண் பூனை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பூனை வளர்ப்பவர்களுக்குக் கைகொடுக்கும் தன்னார்வலர். பூனையைப் பிடிக்க முடியவில்லை என்று கூப்பிட்டபோது அந்த வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றிலும் கூட இருந்தேன். வீட்டாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். மருத்துவ விவரங்களைச் சிகிச்சை தந்த மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

பூனை வர மறுப்பதை நாம் ஒரு தொல்லையாகவே பார்க்கிறோம். எப்படியாவது பிடித்து, அடைத்து, கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், மருத்துவம் அங்கேதான் தொடங்குகிறது என்பது நம் நினைப்பு. பட்டாணி விஷயத்தில் பயமே நோயின் ஒரு பாதி. அதைக் கவனிக்காமல் செய்த பயணம் நோயைக் கிளப்பிவிட்டது, கவனித்துச் செய்த பயணம் கிளப்பவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் விவரமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அடைப்பு

மே மாதம், கத்திரி வெயில். அந்த வாரம் கீழ் வீட்டில் டைல்ஸ் மாற்றும் வேலை நடந்தது. காலையிலிருந்து மாலை வரை கட்டிங் மெஷின் சத்தம். ஊரிலிருந்து விருந்தாளிகள் வேறு வந்திருந்தார்கள். பட்டாணியின் மணல் தட்டு இருந்த சின்ன அறை அவர்களுக்குப் போனது, தட்டு பால்கனிக்குப் போனது. இதையெல்லாம் அப்போது யாரும் நோயோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையிலிருந்து அவன் தட்டுக்குப் போவதும் குந்துவதும் வெறுமனே எழுந்து வருவதுமாக இருந்தான். குந்தும்போது அடித்தொண்டையில் ஒரு முனகல். அடிக்கடி பின்பக்கத்தை நக்கினான். மலச்சிக்கல் என்று நினைத்து, விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று வீட்டில் யோசித்திருக்கிறார்கள். இந்தக் குழப்பம் ரொம்பச் சாதாரணம். இரண்டுக்கும் பூனை முக்கி உட்காரும் விதம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நல்லவேளையாக மகன் வேலை முடிந்து வந்ததும் மணலைக் கிளறிப் பார்த்தார். முந்தின ராத்திரியிலிருந்து ஓர் ஈரக் கட்டிகூட இல்லை.

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியை நெருங்க நெருங்கக் குறுகிக்கொண்டே போகும். சளியும் உதிர்ந்த செல்களும் ஸ்ட்ரூவைட் என்ற படிகங்களும் ஒட்டிச் சேர்ந்தால் அதை அடைக்கப் போதுமானது. சில சமயம் குழாயின் தசை இறுகினாலே நீர் நின்றுவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும், இதயத் துடிப்பு தளரும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அதனால் கடுவன் குந்திக் குந்தி நீர் வராமல் எழுந்தால் நாளைக் காலை பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது. அந்த நேரமே கிளம்ப வேண்டும்.

அம்மாவும் மகனும் அவனை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறார்கள். பையின் வாயை மூடுவதற்குள் அவன் கைப்பிடித் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் போய் ஒடுங்கிவிட்டான். அப்போதுதான் எனக்கு போன் வந்தது. "தம்பி, கைய நீட்டினா சீறறான். இவன் இப்படி இருந்ததே இல்லை" என்றார் அம்மா. குரல் நடுங்கியது.

இந்த மாதிரி நேரத்தில் பழக்கிக் கொண்டிருக்க அவகாசம் கிடையாது. செய்தது இதுதான்: அறைக் கதவைச் சாத்தினோம், பீரோவுக்குப் பின்னால் இருந்த இடுக்கைத் தலையணை வைத்து அடைத்தோம், விருந்தாளிகளை வெளியே இருக்கச் சொன்னோம். கட்டிலை இருவர் மெதுவாகத் தூக்க, நான் ஒரு கனமான போர்வையை அவன்மேல் தலையோடு மூடிப் போட்டு, போர்வையோடு சேர்த்து மார்புக்கும் பின்தொடைக்கும் அடியில் கைகொடுத்து எடுத்தேன். வயிற்றை அழுத்தவே கூடாது. நிரம்பி விறைத்த மூத்திரப்பை அழுத்தத்தில் கிழியக்கூடும். பூனையைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கூடையைச் செங்குத்தாக நிறுத்தி, பின்பக்கம் முதலில் போகும்படி இறக்கினோம். தலைமுதல் நுழைக்கப் பார்த்தால் பூனை நான்கு காலையும் விரித்து விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

மருத்துவமனையில் அவன் உடல் சூடு குறைந்திருந்தது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110. பயந்த பூனையின் இதயம் 200ஐ ஒட்டி ஓட வேண்டும். இத்தனை பயத்திலும் 110தான் என்றால் பொட்டாசியம் இதயத்தைப் பிடித்துவிட்டது என்று பொருள். ரத்தச் சோதனையில் அது 7ஐத் தாண்டியிருந்தது. இதயத்தைக் காக்க கால்சியம் குளூக்கோனேட், அப்புறம் மயக்கம் கொடுத்து கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பைக் கழுவி எடுத்தல், கூடவே டிரிப்ஸ். கதீட்டரோடு அங்கேயே தங்க வைத்தார்கள். நிறைய நீர் பிரிந்தது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு படிப்படியாக இறங்கியது, பிழைத்துக்கொண்டான்.

அந்த மருத்துவமனைதான் அவன் உயிரைக் காப்பாற்றியது. அதே சமயம், அங்கே அவன் பட்டதையும் எழுத வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சிக்கலின் தொடக்கம் அது. காத்திருக்கும் கூடத்தில் கூடை தரையில் இருந்தது. ஒரு லாப்ரடார் வந்து கம்பிக்குள் மூக்கை நுழைத்தது. உள்ளே போனதும் கூடையைச் சாய்த்துக் கொட்டினார்கள். பிடரியைப் பிடித்து ஸ்டீல் மேசையில் அழுத்தினார்கள். அவன் உதவியாளர் ஒருவரின் கட்டைவிரலைக் கடித்தான். உயிர்போகும் அவசரத்தில் நடந்தவை இவை, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பூனையின் நினைவில் காரணங்கள் பதியாது. கூடை, படிக்கட்டு, ஆட்டோ, நாய் வாடை, ஸ்பிரிட் வாடை, பிடரியில் ஒரு கை, அப்புறம் வலி. இந்த வரிசைதான் பதியும்.

வீடு திரும்பிய பிறகு

வாசலில் கூடையைத் திறந்ததும் செல்லம் அவனைப் பார்த்துச் சீறினாள். கூடவே வளர்ந்தவள். பூனைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது பெரிதும் வாடையை வைத்துத்தான். மருத்துவமனை வாடையோடு வந்தவன் அவளுக்கு வேற்றுப் பூனை. பல வீடுகளில் இந்த ஒரு சீறலிலிருந்து மாதக்கணக்கான பகை மூண்டதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பட்டாணியைத் தனி அறையில் வைத்து, செல்லம் படுக்கும் துணியை அவனிடமும் அவனுடையதை அவளிடமும் மாற்றி மாற்றிப் போட்டோம். அவன் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு பழைய வாடைக்கு வந்ததும் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம்.

அவனிடம் வேறொரு மாற்றமும் தெரிந்தது. பரணிலிருந்து எதையாவது இறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். கூடை பரணில்தான் இருந்தது. ஆசிரியை அம்மா அதைக் கவனித்துச் சொன்னார்: "அவனுக்கு அந்தப் பெட்டி வந்தா வலி வரும்னு தெரிஞ்சுபோச்சு தம்பி." சரியான கணிப்பு. பெரும்பாலான வீடுகளில் கூடை என்ற பொருள் பூனையின் கண்ணில் படுவதே ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும்தான். அப்புறம் அதைக் கண்டு ஓடுகிறதே என்று அதையே குறை சொல்கிறோம்.

மறுபரிசோதனையில் என்ன ஆனது

அடைப்பு வந்த பூனையை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். நீர்ச் சோதனை, மூத்திரப்பையின் ஸ்கேன், சிறுநீரக அளவுகள். திரும்ப அடைப்பது அரிதல்ல. எனவே குறித்த நாளில் மகனும் அம்மாவுமே அவனைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். நான் அன்று ஊரில் இல்லை. துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆட்டோவில் முழு வழியும் கத்தினான், கூடையிலேயே மலம் கழித்தான், வாயைத் திறந்து மூச்சிரைத்தான். நாய் மூச்சிரைப்பது சூட்டைத் தணிக்க. பூனை வாய் திறந்து மூச்சிரைத்தால் அது கடுமையான பயம், இல்லையென்றால் வெப்பத் தாக்கு, அல்லது நெஞ்சுக் கோளாறு. எதுவானாலும் அலட்சியம் கூடாது.

அன்று எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 240 மில்லிகிராம். வீட்டார் பதறிவிட்டார்கள், அடுத்தது சர்க்கரை நோயா என்று. பயந்த பூனைக்குச் சில நிமிடங்களிலேயே ரத்தச் சர்க்கரை இப்படி ஏறும்; சில பூனைகளுக்கு இதைவிட அதிகமாகவும் ஏறும். ரத்த அழுத்தமும் அப்படித்தான். பயணத்தின் பயம் மருத்துவர் படிக்க வேண்டிய எண்களையே மாற்றி எழுதிவிடுகிறது. பிறகு வீட்டிலேயே அமைதியாக இருக்கும்போது பிடித்த சிறுநீரில் சர்க்கரை துளியும் இல்லை. கடந்த சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமின் சோதனையும் இயல்பாகவே வந்தது. அந்த 240ஐ நம்பி இன்சுலின் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

அடுத்த சில நாளில் அவன் மறுபடி தட்டுக்கு அடிக்கடி போகத் தொடங்கினான். இந்த முறை நீர் சொட்டுச் சொட்டாக வந்தது, இளஞ்சிவப்பாக. அடைக்கவில்லை, ஆனால் மூத்திரப்பை மறுபடி அழன்றிருந்தது.

நோயும் பயமும் ஒன்றைத் தொட்டு ஒன்று

இந்தக் கட்டத்தில் வீட்டார் வேறொரு மருத்துவரிடம் போனார்கள். முதலில் போனிலும் வீடியோவிலும்தான் அவர் பேசினார். பூனையைக் கொண்டுவரச் சொல்லவில்லை. கீழ் வீட்டு வேலை, விருந்தாளிகள், தட்டு இடம் மாறியது என்று எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் சொன்ன நோய்ப் பெயர், காரணம் தெரியாத மூத்திரப்பை அழற்சி. கல்லும் கிருமியும் இல்லாமலே வரும் அழற்சி இது. பத்து வயதுக்குட்பட்ட பூனைகளுக்கு வரும் சிறுநீர்த் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த டோனி பஃபிங்டன். இந்தப் பூனைகளின் நரம்பு மண்டலமே அச்சத்துக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகிறது, மூத்திரப்பை அதற்குப் பலியாகிறது என்பது அவர் குழுவின் பார்வை. 2006இல் அவர்கள் 46 வீட்டுப் பூனைகளைப் பத்து மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டுச் சூழலை மாற்றி அமைத்ததும் சிறுநீர்த் தொல்லைகளும் பயமும் குறைந்தன. ஒளிய இடம், உயரத்தில் உட்கார இடம், போதுமான மணல் தட்டுகள், ஒழுங்கான நேரம், விளையாட்டு: மாற்றங்கள் இவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று உறைத்தது. இரைச்சலும் விருந்தாளியும் இவன் மூத்திரப்பையை அழற்ற முடியுமென்றால், துரத்திப் பிடித்து ஆட்டோவில் கத்தவிட்டு மேசையில் அழுத்தும் ஒரு காலைப்பொழுது என்ன செய்யாது? ஒரே ஒரு தடவை பயணத்துக்குப் பின் ரத்தம் வந்ததை வைத்து பயணம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சிகிச்சைக்கான திட்டத்தில் பயத்தை முதல் வரியில் எழுதினார். இன்னொரு அவசரம் வராதவரை இவனைத் துரத்திப் பிடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி.

முதல் வேலை, தேவையில்லாத பயணங்களைக் குறைப்பது. சிறுநீரை வீட்டிலேயே பிடித்தோம். தட்டிலிருந்த மணலைக் கொட்டிவிட்டு, மீன்தொட்டிக்குப் போடும் கூழாங்கல்லைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்துப் பரப்பினோம். அது நீரை உறிஞ்சாது; ஊசியில்லாத சிரிஞ்சால் எடுத்து உடனே கொடுத்துவிடலாம். எடையை அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் நின்று கழித்துக் கணக்கிட்டார். மணல் தட்டு பழைய அறைக்கே திரும்பியது. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்று ஆனது. ஈர உணவுக்கு மாற்றினோம், அதிலும் கொஞ்சம் தண்ணீர் கலந்து. பட்டாணி குடத்துத் தண்ணீரை விரும்புவான் என்று அம்மா கண்டுபிடித்து ஒரு மண்சட்டியை ஜன்னலோரம் வைத்தார். வீட்டுக்கே வரும் மருத்துவரைக் கூப்பிடலாமா என்றும் பேசினோம். ஸ்கேனும் ரத்த அழுத்தமும் வீட்டில் ஆகாது. அதோடு, வீட்டையே அவன் பயப்படும் இடமாக்கிவிடுவோமோ என்ற தயக்கமும் இருந்தது.

கூடை

முன்பு இருந்தது முன்பக்கம் மட்டும் கதவுள்ள சின்னக் கூடை. அதை மாற்றினோம். புதியது கெட்டிப் பிளாஸ்டிக், முன்னாலும் மேலேயும் கதவு. பக்கக் கொக்கிகளை விடுவித்தால் மேல்பாதி தனியாகக் கழன்று வந்துவிடும். இந்த மூன்றாவது அம்சம்தான் அதன் உயிர். பூனையை இழுக்காமல், கொட்டாமல், அது உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே மருத்துவர் பார்க்கலாம். கடையில் அழகாகத் தொங்கும் துணிப்பைகளிலும் முதுகில் மாட்டும் கண்ணாடிக் குமிழ்ப் பைகளிலும் இது முடியாது. குமிழ்ப் பையில் பூனைக்கு ஒளிய இடமே இல்லை, வெயிலில் உள்ளே வெந்துவிடும். பார்க்க நன்றாயிருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

கூடையின் அடிப்பாதியை மட்டும் கூடத்தில், அவன் வெயில் காயும் ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். உள்ளே அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை, துவைக்காதது. வீட்டு வாடைதான் வேண்டும். யாரும் அவனைக் கூப்பிடவோ தூக்கி வைக்கவோ கூடாது என்பது ஒப்பந்தம். முதலில் சுற்றிக்கொண்டுதான் போனான். செல்லம் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் படுத்த பிறகு அவனும் முகர்ந்து பார்த்தான். வேகவைத்த கோழியை நார் நாராகப் பிய்த்து, உப்பில்லாமல், ஓரத்தில் வைத்தோம், அப்புறம் கொஞ்சம் உள்ளே, அப்புறம் இன்னும் உள்ளே. மருத்துவ உணவு சாப்பிடும் பூனை என்பதால் அந்தக் கோழியையும் மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுத்தோம்.

அடிப்பாதியில் தூங்கப் பழகியதும் மேல்பாதியை மாட்டினோம். கதவு இல்லாமல். அதற்கே பின்வாங்கிவிட்டான். சரி என்று கழற்றிவிட்டு, மேலே ஒரு துணியை மட்டும் பந்தல்போல் போட்டோம். அதற்கு ஒப்புக்கொண்டான். துணியிலிருந்து கூரை, கூரையிலிருந்து கதவு, கதவை ஒரு நொடி சாத்தித் திறப்பது, ஒரு வாய் சாப்பிடும் வரை சாத்துவது. எந்தக் கட்டத்திலும் அவன் காது பின்னால் படிந்தால் முந்தின கட்டத்துக்கே திரும்புவோம். இது யோசித்துச் செய்த வேலை. பழகும் வேகத்தைப் பூனைதான் தீர்மானிக்கும். ஆளின் அவசரத்துக்கு அங்கே இடமில்லை. வியன்னாவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 22 பூனைகளில் பாதியைக் கூடைக்கு இப்படிப் படிப்படியாகப் பழக்கினார்கள். பழகிய பூனைகள் பயணத்தில் அமைதியாக இருந்தன, மருத்துவச் சோதனையும் சீக்கிரம் முடிந்தது. அங்கே ஆறு வாரம் எடுத்தது. பட்டாணிக்கு அதைவிடக் கூடுதலாக ஆனது. அதில் தவறே இல்லை.

தூக்குவதுதான் எதிர்பாராத சிக்கலாகிவிட்டது. மேல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கூடை ஊஞ்சல்போல் ஆடும். பூனை உள்ளே கால் ஊன்ற முடியாமல் சறுக்கும். லிஃப்ட் இல்லாத மூன்று மாடி இறங்கும்போது இது பெரிய விஷயம். கையை அடியில் கொடுத்து மார்போடு அணைத்துத் தூக்க மகன் பழகிக்கொண்டார். உள்ளே வழுக்காமல் இருக்க யோகா பாயை வெட்டிப் போட்டு, அதன்மேல் ஒரு பேட், அதற்கு மேல் சேலை. முதலில் கூடத்திலேயே நடை, அப்புறம் வாசல்வரை, அப்புறம் ஒரு மாடி இறங்கி ஏறுவது. தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் தெரிந்த அண்ணன் ஒருவர் இஞ்சினை ஆஃப் செய்துவிட்டு, நாங்கள் கூடையோடு உட்கார்ந்து கோழி ஊட்டிவிட்டு இறங்கும்வரை பொறுமையாக இருந்தார். பைசா வாங்க மறுத்துவிட்டார். "புள்ள மாதிரிதானே சார்" என்றார். பட்டாணி பிழைத்த கதையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

மாத்திரை

பழக்கம் மட்டும் போதாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பயண நாளுக்கு காபாபென்டின் எழுதிக்கொடுத்தார். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் மனிதர்களுக்குத் தரும் அதே மருந்து. கலிபோர்னியாவில் 2017இல் வெளிவந்த ஆய்வில் 20 பூனைகளுக்கு 100 மில்லிகிராம் கொடுத்து, கூடையில் வைக்க ஒன்றரை மணி நேரம் முன்னால் கொடுத்தால் பயணத்திலும் சோதனையிலும் பதற்றம் குறைவதைக் கண்டார்கள். ஆனால் அந்த 100 எல்லாப் பூனைக்குமான அளவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவைக் குறைக்க வேண்டும். பட்டாணியின் கிரியேட்டினின் முழுதாக இயல்புக்கு வந்ததைப் பார்த்த பிறகே அளவு குறித்தார். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும்: வலிக்கிறதே என்று இரக்கப்பட்டுப் பூனைக்குப் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அப்படிப் போன பூனைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பயண நாளுக்கு முன்பே ஓர் ஓய்வு நாளில் வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கேப்சூலைப் பிரித்துத் தூளை ஒரு ஸ்பூன் உணவில் கலந்தோம். கசப்பு மருந்து, முதல் தடவை முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். மீன் வேகவைத்த தண்ணீர் விட்டதும் சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் நடை தள்ளாடியது, அலமாரிமேல் தாவப் பார்த்துச் சறுக்கினான். அதனால் மருந்து கொடுக்கும் நாளில் உயரமான இடங்களை மூடிவைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். மாலைக்குள் தெளிந்துவிட்டான்.

போன நாள்

மருத்துவர் காலையில் கிளினிக் திறப்பதற்கு முன் முதல் ஆளாக வரச் சொன்னார். சென்னையில் இது இரண்டு விதத்தில் உதவி: நாய்கள் வந்திருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. மதிய வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் ஆட்டோவில் மூடிய கூடை அடுப்பாகிவிடும். கனமான டவலால் மூடாமல், காற்று புகும் மெல்லிய பருத்தித் துணியால்தான் மூடினோம்.

யாரும் துரத்தவில்லை. ஜன்னலுக்குக் கீழே வழக்கமான இடத்தில் கூடை, உள்ளே உணவு. மருந்து சாப்பிட்டு ஆற அமரப் படுத்திருந்தவனை வைத்து மகன் கதவைச் சாத்தினார். படியில் இரண்டொரு தடவை குரல் கொடுத்தான். ஆட்டோவில் கூடையை இருக்கையில் பின்பக்கம் ஒட்டி வைத்து அம்மா கையால் அணைத்துக்கொண்டார். தரையில் வைத்தால் இஞ்சினின் அதிர்வு நேராக ஏறும். பைக்கில் டேங்க்மேல் பை வைத்துப் பூனையைக் கொண்டுபோகிறவர்களை நகரத்தில் தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரு பிரேக், ஒரு ஹாரன், பை கிழிந்தால் பூனை நடுரோட்டில்.

கிளினிக்கில் கூடையைத் தரையில் வைக்காமல் பெஞ்சின்மேல் வைத்தோம். மருத்துவர் மேசையையே பயன்படுத்தவில்லை. பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் அவனைப் பார்க்காமல் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். பூனைக்கு நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது மிரட்டல். பிறகு மேல்பாதியைச் சத்தமில்லாமல் கழற்றினார். அவன் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவர் அதை விலக்கவில்லை. முகத்தை மூடியபடியே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இதயத்தைக் கேட்டார், வாலில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் எடுத்தார். ரத்தம் பின்னங்காலின் உள்பக்க ரத்தக்குழாயிலிருந்து. பிடரியில் யாரும் கைவைக்கவில்லை. பூனை மருத்துவத்துக்கான அமெரிக்க, சர்வதேச அமைப்புகள் 2022இல் சேர்ந்து வெளியிட்ட கையாளும் வழிமுறையும் பிடரியைப் பிடிப்பதைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வுகிறதே என்று நம் ஊரில் பலரும் நியாயம் சொல்வார்கள். தாய் குட்டியைத்தான் கவ்வும், வளர்ந்த பூனையை இல்லை. வளர்ந்த பூனையின் பிடரியைக் கவ்வுவது சண்டையிலும் இணைசேர்க்கையிலும்தான்.

ஸ்கேனுக்குப் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டியிருந்தது. அதில்தான் முரண்டு பிடித்தான், சீறினான். மருத்துவர் உடனே கையை எடுத்துவிட்டார். நின்ற நிலையிலேயே பக்கத்திலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்தார். மூத்திரப்பைச் சுவர் தடிப்பு குறைந்திருந்தது, கல் இல்லை. மீதியை இன்றே முடித்தாக வேண்டிய அவசியம் இல்லை என்றார். பாதியில் நிறுத்தத் தெரிந்த அந்த ஒரு முடிவு எனக்கு அன்றைய எல்லா எண்களையும்விடப் பெரிதாகப் பட்டது.

அன்றைய ரத்தச் சர்க்கரை 118. வாய் திறந்து மூச்சிரைக்கவில்லை. கூடையில் மலம் கழிக்கவில்லை. திரும்பி வந்ததும் தனி அறையில், செல்லத்தின் துணியோடு விட்டோம். அவள் கதவிடுக்கில் முகர்ந்தாள், சீறவில்லை. தட்டில் அடுத்த நாள் வழக்கமான அளவில் ஈரக் கட்டிகள். அதற்கடுத்து வந்த நாட்களிலும் நிறம் மாறவில்லை. அம்மா இதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதிவாரியாக எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது

பயமே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஸ்பிரிட் வாடைக்கு இன்னமும் உடலைக் குறுக்குகிறான். அடைப்பு மறுபடி வராது என்றும் யாராலும் உறுதி தர முடியாது. வந்துகொண்டே இருந்தால் குழாயின் குறுகிய நுனியை நீக்கி அகல வழி அமைக்கும் அறுவை உண்டு. தேவைப்பட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கலந்தாலோசிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். 1903இல் தொடங்கிய கல்லூரி. தனியார் செலவு தாங்காத பல வீட்டுப் பூனைகளுக்கு அதுதான் கதி.

செல்லத்தையும் இப்போது அதே கூடைக்குப் பழக்குகிறார்கள், அவளுக்கு நோய் எதுவும் இல்லாதபோதே. மழைக்காலம் தொடங்குவதற்குள் இருவருக்கும் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். பட்டாணியின் மீதி ஸ்கேனையும் அன்றே லேசான மயக்கத்தில் எடுத்துவிடத் திட்டம். காபாபென்டின் அளவை அதற்கு முன் எடுக்கும் ரத்தச் சோதனையைப் பார்த்து மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.